இரண்டு கட்டில்களுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்

கேள்வி: எனக்கு 46 வயது. தென்காசியில் தனியார் நிறுவனமொன்றில் கணக்கராக இருக்கிறேன். சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறேன். வீட்டிலிருந்தே துணி தைத்துக் கொடுக்கும் என் மனைவி சிறுநீரகம் தருகிறார். மதுரையில் அடுத்த மாதம் அறுவை சிகிச்சை. குடும்ப மருத்துவக் காப்பீடு 5 லட்சம். நானும் மனைவியும் கூட்டாகப் போட்ட வைப்புத்தொகை 6 லட்சம். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் என் தங்கை துணைக்கு வருகிறாள். வீட்டுமனையை விற்றுவிடலாமா?

பதில்: வேண்டாம். அவசரத்துக்கு விற்கிறீர்கள் என்று தெரிந்தால் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்கள். மனை கடைசிக் கையிருப்பாக இருக்கட்டும்.

நீங்கள் கவனிக்காத சிக்கல் வேறு. வைப்புத்தொகை உங்கள் இருவர் பெயரில். அறுவை அரங்குக்குள் போகப்போவதும் நீங்கள் இருவரும்தான். இரவு பதினொரு மணிக்கு மருந்துச் சீட்டை நீட்டி உடனே பணம் கட்டச் சொன்னால் உங்கள் தங்கை என்ன செய்வார்? ஒரு வாரம் முன்பே ஒன்றரை லட்சத்தை அவர் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். அதற்காக வைப்புத்தொகை முழுவதையும் உடைக்க வேண்டாம். அதன்பேரில் வங்கியிலேயே கடன் வாங்கலாம்.

அடுத்து, தங்கையின் சம்பளம். மாற்றுச் சிறுநீரகம் பொருத்திய முதல் மூன்று மாதம் அடிக்கடி ரத்தப் பரிசோதனை இருக்கும், தொற்று வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அத்தனை நாளும் கடையில் சம்பளத்தோடு விடுப்புத் தருவார்களா? பிடிக்கப்படும் தொகையை நீங்கள் கொடுங்கள். கூடப்பிறந்தவளுக்குக் கூலியா என்று முகம் சுளிக்காதீர்கள். வருமானம் இல்லாத மூன்றாவது மாதம் அவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். உங்கள் மனைவியும் ஆறு வாரம்வரை கனமான எதையும் தூக்கக் கூடாது, தையல் வருமானமும் நிற்கும். ஒரே ஆள் இருவரையும் பார்ப்பது கடினம். மனைவிக்கென்று அவர் பிறந்த வீட்டிலிருந்து ஒருவரை வரச்சொல்லுங்கள். மருத்துவமனைக்கு அருகில் வாடகை வீடு, சாப்பாடு, ஆட்டோ எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

காப்பீட்டு நிறுவனத்திடம் இரண்டு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். தானம் தருபவரின் அறுவைச் செலவைப் பல பாலிசிகள் ஏற்கும். ஆனால் அவருக்கான முன்பரிசோதனைகளையும், பின்னால் வரும் சிக்கல்களையும் ஏற்காதவை உண்டு. உங்கள் பாலிசி இவற்றில் எதையெல்லாம் ஏற்கும் என்பது முதல் கேள்வி. அறை வாடகைக்கு வரம்பு உண்டா என்பது இரண்டாவது. வரம்பு 5,000 ரூபாயாக இருந்து நீங்கள் 10,000 ரூபாய் அறையில் தங்கினால், மருத்துவர் கட்டணம் உள்ளிட்ட மற்றவற்றிலும் பாதியை வெட்டிவிடக்கூடும்.

டாக்ரோலிமஸ் போன்ற எதிர்ப்புத்திறன் அடக்கும் மாத்திரைகளை மாற்றுச் சிறுநீரகம் வேலை செய்யும்வரை விடாமல் சாப்பிட வேண்டும். வீடு திரும்பிய பிறகு 60 அல்லது 90 நாள்வரைதான் பெரும்பாலான பாலிசிகள் அந்தச் செலவைத் தரும். வைப்புத்தொகையில் பெரும்பகுதியைக் காக்கச் சொல்வது இதற்காகத்தான்.

வருங்கால வைப்புநிதியில் மருத்துவ முன்பணமும் கேட்கலாம். உங்கள் கணக்கில் ஆதாரும் வங்கி எண்ணும் சரியாக இணைந்திருக்கின்றனவா என்று இந்த வாரமே பாருங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் திருத்த நாளாகும்.