செக் நாட்டின் பிராக் நகரில் இருக்கும் சார்லஸ் பாலத்தை முட்டை கலந்து கட்டினார்கள் என்கிறார்களே, நிஜமா?

முட்டை என்ற சொல் கண்ணில் பட்டதால்தான் பதில் எழுதுகிறேன். நாமக்கல் பக்கம் முப்பது வருடமாகக் கோழிப்பண்ணை வைத்திருக்கிறேன். பாலத்தைப் பற்றி உனக்கென்ன தெரியும் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். முட்டையைப் பற்றித் தெரியும், அந்தப் பாலத்தில் நடந்தும் இருக்கிறேன். நீங்கள் ஏதோ வீடியோ பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

மகளும் மாப்பிள்ளையும் அந்த ஊரில் வேலையில் இருக்கிறார்கள். நாங்கள் போயிருந்தபோது, விடியற்காலையில் போனால்தான் கூட்டம் இருக்காது என்று மாப்பிள்ளை எழுப்பிவிட்டார். "இந்தப் பாலமே விடிகாலையில ஆரம்பிச்சதுதானுங்க மாமா" என்றார். 1357 ஜூலை 9, காலை 5:31க்கு நான்காம் சார்லஸ் மன்னர் அடிக்கல் வைத்தாராம். வருடம், தேதி, மாதம், மணி, நிமிடம் என்று எழுதினால் 1-3-5-7-9-7-5-3-1. ஏறி இறங்கும் வரிசை. ஜோசியர் குறித்த நேரம் என்கிறார்கள். இருட்டோடு கடைக்கால் பூஜை போடும் ஊர்க்காரனுக்கு இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. அங்கே முன்பிருந்த கல்பாலத்தை 1342ஆம் வருட வெள்ளம் உடைத்திருந்தது. அடிபட்டவன் நேரம் பார்க்கத்தான் செய்வான்.

சரி, முட்டைக்கு வருகிறேன். சுண்ணாம்புக் கலவைக்கு ஊரில் இருந்த முட்டை போதவில்லை, அதனால் சுற்று ஊர்களுக்கெல்லாம் அனுப்பச் சொல்லி உத்தரவு போனது என்பது கதை. வெல்வாரி என்ற ஊர்க்காரர்கள், வழியில் உடைந்துவிடக் கூடாதென்று அத்தனையையும் வேகவைத்து அனுப்பினார்களாம்! எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு அட்டைக்கு 30 முட்டை அடுக்கிக் கேரளாவுக்கு லோடு ஏற்றிவிட்டு, உடைசல் எத்தனை என்று போன் வரும்வரை தூங்காமல் இருந்தவனுக்கு வெல்வாரிக்காரன் மனசு புரியும்.

கலவையில் முட்டை சேர்ப்பது நமக்கும் புதிதல்ல. காரைக்குடிப் பக்கத்து வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சில் வெள்ளைக்கரு உண்டு. கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துக் கட்டிய சுவர்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. ஆகவே பிராகிலும் கொஞ்சம் சேர்த்திருக்கலாம். ஆனால் 516 மீட்டர் நீளம், 16 வளைவு உள்ள பாலத்தை முட்டைதான் தாங்குகிறது என்றால் நான் நம்ப மாட்டேன். 1890 வெள்ளத்தில் மரக்கட்டைகள் வந்து அடைத்து மூன்று வளைவுகள் விழுந்தன. முட்டை என்ன செய்தது? (முட்டை வியாபாரி நானே சொல்கிறேன்.)

சின்ன வயதில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது, இதற்குப் பிள்ளையைப் பலி கொடுத்தார்கள் என்று அம்மிச்சி பயமுறுத்துவார். அந்தக் கதைக்கு முட்டைக் கதை எவ்வளவோ மேல். அந்த ஊரிலும் ஒரு உயிர் போன கதை உண்டு, அது நிஜம். 1393இல் நேபோமுக் யோவான் என்ற பாதிரியாரை அப்போதைய ராஜாவின் ஆட்கள் ஆற்றில் போட்டார்கள். ராணியின் பாவமன்னிப்பு ரகசியத்தைச் சொல்ல மறுத்தார் என்பது கதை. மடத்துக்கு யாரைத் தலைவராக்குவது என்ற சண்டைதான் காரணம் என்பது வரலாறு. பாலத்தில் இருக்கும் அவர் சிலைக்குக் கீழே உள்ள வெண்கலத் தகடு, ஆட்கள் தொட்டுத் தொட்டே பளபளக்கிறது. என் சம்சாரம் நம் ஆஞ்சநேயரை வேண்டிக்கொண்டு அதைத் தொட்டாள். யாராவது மதத்தை இழுக்காதீர்கள்.

எனக்கு உறுத்தியது வேறு. மன்னர் பெயர், ஜோசியர், மணி, நிமிடம் எல்லாம் கதையில் இருக்கிறது. முட்டை கொடுத்தவனுக்கு என்ன கிடைத்தது என்பது மட்டும் இல்லை. இங்கேயும் அதே கதைதான். பேப்பரில் ஒரு விலை வரும். வியாபாரி வந்து "மைனஸ்" என்று ஒரு தொகையைக் கழித்துவிட்டுத்தான் எடுப்பார். மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் ஏறினால் அதற்கு மைனஸ் கிடையாது. கோழி நாளைக்கும் முட்டை போடும், வைத்திருந்து விற்க முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

பக்கத்தில் ஒரு கைடு கொடி பிடித்துக்கொண்டு இதே முட்டைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். வெல்வாரிக்காரனுக்கு முட்டைக்கு என்ன விலை போட்டார்கள் என்று கேட்கச் சொன்னேன். மாப்பிள்ளை, "வாங்க மாமா, காபி சாப்பிடலாம்" என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார்.