மச்சானுக்குத் துவக்கு உறை தைக்கலாமா?

கேள்வி: எனது மச்சான் பல வருடமாக அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கிறார். அந்த நாட்டுக் குடியுரிமையும் எடுத்துவிட்டார். லீவு நாட்களில் நண்பர்களோடு காட்டுப்பன்றி வேட்டைக்குப் போவார். தோளில் ரைஃபிள், இடுப்பில் ஒரு ரிவோல்வர். அந்த ரிவோல்வர் உறை இடுப்பில் குத்துகிறது, பொழுதுபடும்போது நாரி நோகிறது என்கிறார். சித்திரைக்கு ஊருக்கு வருகிறார். மட்டக்களப்பு டவுனில் தோல் பை, செருப்பு நன்றாகத் தைக்கிற ஒருவரை எனக்குத் தெரியும். அவரிடம் ஓர் உறை தைத்துப் பரிசாகக் கொடுக்கலாமா? எப்படிப்பட்டது உடம்புக்கு வசதி?
வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: நல்ல மனது, ஆனால் உறையைத் தைக்காதீர்கள். பெல்ட்டைத் தையுங்கள். காரணம் சொல்கிறேன்.

உதாரணத்துக்கு, 44 மேக்னம் என்ற பெரிய ரவை போடுகிற ரிவோல்வர், 6 அங்குலக் குழல் உள்ளது, வெறுமனே 1.3 கிலோ அளவில் நிற்கும். ஆறு ரவையும் போட்டால் ஒன்றரைக் கிலோவுக்குக் கிட்ட வரும். உரித்த தேங்காய் இரண்டை ஒரு பக்க இடுப்பில் கட்டிக்கொண்டு நாள் முழுக்க வட்டைக்குள் வரம்பு வரம்பாக நடந்து பாருங்கள். களிசானுக்குப் போடுகிற சாதாரண பெல்ட் அந்தப் பக்கம் சரிந்து முறுக்கிக்கொள்ளும். உறையின் மேல்விளிம்பு விலாவிலும் கீழ்முனை தொடையிலும் இடிக்கும். ஆள் தன்னை அறியாமல் மற்றப் பக்கம் சாய்ந்து நடப்பார். நாரி நோவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. உறை எவ்வளவு விலை கூடியதாக இருந்தாலும் பெல்ட் வளைந்தால் போட்ட காசு வீண்.

அடுத்த காரணம் அளவு. நல்ல தோல் உறை ஒரு குறிப்பிட்ட துவக்குக்கென்றே அமைவது. தோலை நனைத்து, துவக்கையோ அதே அளவு வார்ப்பையோ உள்ளே வைத்து அழுத்தி, அந்த வடிவத்திலேயே காயவிட வேண்டும். உங்கள் தையல்காரர் எதை வைத்து அழுத்துவார்? துவக்கை அனுப்பச் சொல்ல முடியாது. பிளாஸ்டிக் மாதிரி ஒன்றை மச்சான் பையில் போட்டுக்கொண்டு வந்தாலும் கட்டுநாயக்க விமான நிலையத்தில் யார் நின்று விளக்கம் சொல்வது? படத்தைப் பார்த்துத் தைத்த உறை ஒன்றில் இறுகும், அல்லது தளரும். இறுகினால் பரவாயில்லை. தளர்ந்தால் முள்ளுப் பற்றைக்குள் நுழையும்போது துவக்கு விழும். விசைக்குள் எதுவும் நுழையாதபடி விசைக் கூடு முழுதும் மூடியிருக்கவும் வேண்டும். வசதிக்காக விட்டுக்கொடுக்கக் கூடாத இடம் அது ஒன்றுதான்.

எனவே உறையை அவர் அங்கேயே, தன் துவக்கைக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்து வாங்கட்டும். டெக்சாஸில் 2021 செப்டம்பரில் சட்டம் மாறி, தகுதியுள்ளவர் தனி அனுமதிப்பத்திரம் இல்லாமலே கைத்துப்பாக்கியை வெளியில் கொண்டுதிரியலாம் என்றாகிவிட்டது. ஆனால் வெளியே தெரியும்படி கொண்டுபோனால் அது உறைக்குள் இருக்க வேண்டும். ஆகவே அங்கே உறைக்குக் கடையும் குறைவில்லை, தெரிவும் குறைவில்லை. தெரிவு கூடினால் குழப்பமும் கூடும் என்பதால், எங்கே மாட்டுவது என்பதை முதலில் முடிவு செய்யச் சொல்லுங்கள்.

அதற்கு உடம்பில் வேறு என்னென்ன தொங்குகிறது என்று பார்க்க வேண்டும். அவர் வலது தோளில் ரைஃபிள் மாட்டுகிறாரா? அப்படியானால் வலது இடுப்பில் ரிவோல்வர் இருந்தால் ரைஃபிள் கட்டையும் ரிவோல்வர் பிடியும் அடிக்கொருதரம் மோதிக்கொண்டே இருக்கும். இடுப்புப் பட்டி வைத்த முதுகுப்பை போட்டால் அந்தப் பட்டி உறைக்கு மேலேயே வந்து உட்காரும். ஜீப்பிலும் பரணிலும் நீண்ட நேரம் இருப்பவரென்றால் ஆசனம் உறையின் அடியை மேலே தள்ளும், பிடி விலாவில் ஏறும். இப்படிப்பட்டவருக்கு இடது முன்பக்கம் சாய்வாக மாட்டி வலது கையால் எடுக்கிற உறை நல்லது. ஆனால் எடுக்கும்போது குழல் பக்கத்தில் இருப்பவரைக் கடந்து வரக்கூடாது, அதற்குப் பழக வேண்டும். தொந்தி உள்ளவருக்கு இது பொருந்தாது, குனியும்போதெல்லாம் வயிற்றில் குத்தும்.

நெஞ்சில் கட்டுகிற உறைதான் பாரத்துக்கு நல்லது. தோளும் நெஞ்சும் பங்கு போட்டுக்கொள்ளும், இடுப்பும் பையும் தப்பும். கரடி உள்ள மலைநாடுகளில் ஆற்றில் இறங்கி மீன் பிடிப்பவர்கள் அதைத்தான் விரும்புவார்கள். துவக்கின் மேல் தூரக்கண்ணாடி பூட்டியிருந்தாலும் அதற்கேற்ற நெஞ்சுறை கிடைக்கும். கழுத்தில் பைனாகுலர் தொங்கவிடுபவருக்கு மட்டும் இரண்டும் ஒரே இடத்துக்குச் சண்டை பிடிக்கும். டெக்சாஸ் வெயிலில் நெஞ்சு வியர்த்துக் கொட்டும் என்பதும் உண்மை.

அக்குளுக்குள் படுக்கையாக மாட்டுவதில் குழல் பின்னால் வருபவரைப் பார்த்து நிற்கும். கூட்டமாகப் போகும் வேட்டைக்கு எனக்கு அது பிடிக்கவில்லை. தொடையில் கட்டுவது படத்தில் அழகு, நடையில் ஒவ்வொரு அடிக்கும் தொடையில் அறையும்.

‘எல்லாத் துவக்குக்கும் பொருந்தும்’ என்று போட்டிருக்கும் நைலோன் உறை வேண்டாம். துவக்கை எடுத்ததும் வாய் சுருங்கிவிடும், திரும்பச் செருக இரண்டு கை தேவைப்படும். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் உறை மழைக்கும் வியர்வைக்கும் அசையாது, ஆனால் சரக்கென்று சத்தம் போடும். பன்றிக்குக் காது கூர்மை. தோல் சத்தமில்லாதது, உடம்போடு இணங்கும், ஆனால் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் துவக்கை வெளியே எடுத்துவிட வேண்டும், தோலுக்குள்ளேயே வைத்தால் துரு ஏறும்.

சரி, பெல்ட்டுக்கு வருவோம். குரோமில் பதனிட்ட மெல்லிய தோல் வேண்டாம், மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட விறைப்பான தோல் கேளுங்கள். கடைக்காரர் எல்லாம் ஒன்றுதான் என்பார். வெட்டிய விளிம்பைப் பாருங்கள்: நடுவில் நீலச் சாம்பல் ஓடினால் குரோம், உள்ளே வரை மண்ணிறமாக இருந்தால் பட்டை. இரண்டு அடுக்கு ஒட்டித் தைத்து, மொத்தம் 5 மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும். அகலம் ஒன்றரை அங்குலம். சில உறைகளில் பெல்ட் நுழைகிற காது ஒன்றேமுக்கால் அங்குலத்துக்கு இருக்கும், ஆகவே முதலில் மச்சானிடம் கேளுங்கள். நீளத்துக்குக் களிசான் அளவை நம்பாதீர்கள். இப்போது போடுகிற பெல்ட்டில், பூட்டு மடிகிற இடத்திலிருந்து அவர் மாட்டுகிற ஓட்டை வரை அளந்து அனுப்பச் சொல்லுங்கள். தைத்த பிறகு பெல்ட்டைக் குறுக்காக, அகலப் பக்கம் முறுக்கிப் பாருங்கள். இலகுவில் முறுகினால் திருப்பிக் கொடுங்கள்.

இன்னொன்று. இதைப் படித்துவிட்டு இங்கேயும் ஒன்று கட்டலாமே என்று யாரும் நினைக்க வேண்டாம். இலங்கையில் கைத்துப்பாக்கிக்கு அனுமதி தற்பாதுகாப்புக்கு, அதுவும் பாதுகாப்பு அமைச்சினூடாக. வேட்டைக்கு இல்லை.

கேள்வி: வாப்பாவின் பெயரில் பயிர்ப் பாதுகாப்புக்கு 12 போர் துவக்கு ஒன்று அனுமதிப்பத்திரத்தோடு இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் வயலுக்குக் கொண்டுபோகும்போது வார் தோளில் நழுவுகிறது. எந்த வார் வாங்கலாம்?
வாசகர், அக்கரைப்பற்று

பதில்: வழுவழுப்பான நைலோன் வார்தான் நழுவும். அகலமான பருத்தி வாரோ, உட்பக்கம் சொரசொரப்பான தோல் வாரோ வாங்குங்கள். வாரைவிட அது மாட்டுகிற ஆணியும் வளையமும் ஆடுகிறதா என்று முதலில் பாருங்கள். ஆனால் மோட்டார் சைக்கிளில் தோளில் தொங்கவிடுவதே சரியில்லை. மடித்துத் திறந்து தோட்டாவை எடுத்துவிட்டு, துவக்குப் பையில் போட்டுக் கொண்டுபோக வேண்டும். அப்புறம், வண்டி ஓட்டுவது நீங்களா, வாப்பாவா? பத்திரம் அவர் பெயரில் இருக்க, துவக்கு உங்கள் தோளில் இருந்தால் பொலிஸ் முதலில் கேட்பது வாரைப் பற்றியல்ல.