பதவி வேண்டாதவரின் அதிகாரம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். விழுப்புரம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, இப்போது சென்னையில் வேலை பார்ப்பவன் நான். என் அப்பா வன்னியர் இடஒதுக்கீட்டுக்காக நடந்த 1987 சாலை மறியலில் கைதாகிச் சிறைக்குப் போனவர். எங்கள் வீட்டுக் கூடத்தில் மருத்துவர் அய்யா ராமதாஸின் படம் இன்றும் மாட்டியிருக்கிறது. என் அலுவலக நண்பர்களோ ராமதாஸ் என்றாலே ‘தேர்தலுக்குத் தேர்தல் அணி மாறும் சாதிக் கட்சித் தலைவர்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அப்பாவிடம் இதைச் சொன்னால் முன்பெல்லாம் சண்டைக்கு வருவார். அய்யாவும் அவர் மகன் ‘சின்ன அய்யா’ அன்புமணியும் மேடையிலேயே மோதிக்கொண்ட பிறகு, அவர் அரசியல் பேசுவதையே விட்டுவிட்டார்.

என் கேள்விகள் இரண்டு. கட்சி இந்த நிலைக்கு வந்ததற்கு அணி மாறியதுதான் காரணமா? அப்பாவின் தலைமுறை பட்ட பாடு வீண்தானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர்கள் சொல்லும் காரணம் பரவலாக நம்பப்படுவதுதான். ஆனால் தேர்தல் கணக்கு அதற்கு ஒத்துவரவில்லை. ராமதாஸின் பாட்டாளி மக்கள் கட்சி (பா.ம.க.) 1998-இல் அ.தி.மு.க., பா.ஜ.க. அணியில் நின்று நான்கு மக்களவைத் தொகுதிகளை வென்றது. அடுத்த ஆண்டே தி.மு.க.வும் பா.ஜ.க.வும் இருந்த அணிக்கு வந்து ஐந்து தொகுதிகளை வென்றது. 2001-இல் மீண்டும் அ.தி.மு.க. பக்கம் போய், சட்டமன்றத்தில் 27 இடங்களில் போட்டியிட்டு இருபதைப் பிடித்தது. 2004-இல் தி.மு.க., காங்கிரஸ் அணியில் நின்ற இடங்கள் அனைத்திலும் வெற்றி. அணி மாறுவதை வடமாவட்ட வாக்காளர்கள் குற்றமாகக் கருதியிருந்தால், தண்டனையை 1999-லேயே கொடுத்திருப்பார்கள். அவர்கள் அப்படிக் கருதவில்லை. இரண்டு பெரிய கட்சிகளிடமும் பேரம் பேசி, கிடைப்பதை வாங்கிவரத்தான் இந்தக் கட்சி இருக்கிறது என்ற புரிதலோடுதான் அவர்கள் வாக்களித்தார்கள். அதே காலத்தில் ம.தி.மு.க.வும் இடதுசாரிகளும் மாறாத அணியில்லை. பழி மட்டும் ராமதாஸ் இருக்கும் தைலாபுரத்தின் தலையில் விழுந்தது.

கோளாறு வேறிடத்தில் இருப்பதாக நான் நினைக்கிறேன். ராமதாஸின் அரசியல் வாழ்வில் எல்லோரும் ஒருமனதாகப் பாராட்டிய ஓர் அம்சம் உண்டு. அவர் சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ ஒருபோதும் போட்டியிட்டதில்லை, எந்த அரசுப் பதவியையும் ஏற்றதில்லை. கட்சியின் இன்றைய சிக்கலுக்கு அந்தப் பாராட்டுக்குரிய அம்சத்திலேயே வேர் இருக்கிறது என்பதுதான் என் கருத்து. இதை விளக்கச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

1952 பொதுத்தேர்தலில் வன்னியர்களுக்கு இரண்டு கட்சிகள் இருந்தன. தென்னார்க்காட்டில் எஸ்.எஸ். இராமசாமி படையாட்சியாரின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி 19 இடங்களையும், வடஆர்க்காடு, செங்கல்பட்டுப் பகுதிகளில் மாணிக்கவேலு நாயகரின் காமன்வீல் கட்சி 6 இடங்களையும் வென்றன. காங்கிரசுக்குப் பெரும்பான்மை இல்லாத அந்தச் சட்டமன்றத்தில் இது சாதாரணப் பலமன்று. ஆனால் நடந்தது என்ன? மாணிக்கவேலு நாயகர் ராஜாஜியின் அமைச்சரவையிலும், படையாட்சியார் 1954-இல் காமராசரின் அமைச்சரவையிலும் இடம்பெற்றார்கள். இரண்டு கட்சிகளும் காங்கிரசில் கரைந்துபோயின. (உழைப்பாளர் கட்சியிலிருந்த ஏ. கோவிந்தசாமி காங்கிரஸ் பக்கம் போகாமல் தி.மு.க.வுக்கு வந்தார். அவர் 1952-இல் நின்று வென்ற உதயசூரியன் சின்னம்தான் பின்னர் தி.மு.க.வின் சின்னமாயிற்று.) தலைவருக்கு நாற்காலி கிடைத்தவுடன் சமூகத்தின் பேரம் பேசும் வலிமை கைநழுவிப் போகும் என்ற கசப்பு, அதன் பிறகு ஒரு தலைமுறைக்கு மேல் அந்த மண்ணில் தங்கிவிட்டது.

திண்டிவனத்தை அடுத்த கீழ்சிவிரியில் பிறந்து, சென்னையில் மருத்துவம் படித்து, திண்டிவனத்திலேயே மருத்துவமனை வைத்திருந்த ஒருவர், 1980-இல் சிதறிக் கிடந்த வன்னியர் அமைப்புகளைத் திரட்டி வன்னியர் சங்கத்தை உருவாக்கியபோது, அந்தக் கசப்புக்கு மருந்தாகவே தம் சத்தியங்களை முன்வைத்தார். தாம் சட்டமன்ற, நாடாளுமன்றப் படிகளை மிதிப்பதில்லை, தம் வாரிசுகள் யாரும் கட்சிப் பதவிக்கோ ஆட்சிப் பதவிக்கோ வருவதில்லை, மீறினால் முச்சந்தியில் நிறுத்திச் சவுக்கால் அடியுங்கள் என்று அவர் ஊர் ஊராகப் பேசினார். உங்கள் அப்பா போன்றவர்கள் அவரை நம்பித் தெருவுக்கு வந்ததற்கு இடஒதுக்கீட்டுக் கோரிக்கை ஒரு பாதிக் காரணம் என்றால், இந்தச் சத்தியம் மறுபாதி.

1987 செப்டம்பர் 17-இல் தொடங்கிய ஒரு வாரச் சாலை மறியல் வடமாவட்டங்களை முடக்கியது. சாலைகளில் மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டன. ‘மரம்வெட்டிக் கட்சி’ என்ற வசை அங்கிருந்துதான் பிறந்தது. துப்பாக்கிச் சூடுகளிலும் தாக்குதல்களிலும் 21 பேர் உயிரிழந்தார்கள். அந்த வாரத்தில் தலித் மக்களின் குடிசைகளும் எரிந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கோரிக்கை, மாநிலத்தில் 20 விழுக்காடும் மத்தியில் 2 விழுக்காடும் வன்னியர்களுக்குத் தனியே வேண்டும் என்பது. 1989-இல் கருணாநிதி அரசு பிற்படுத்தப்பட்டோருக்கான 50 விழுக்காட்டைப் பிரித்து, மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் என்ற தொகுப்புக்கு 20 விழுக்காட்டை ஒதுக்கியது. வன்னியர்களோடு நூற்றுக்கும் மேற்பட்ட சமூகங்கள் அதில் இருந்தன. கேட்டது தனிப் பங்கு, கிடைத்தது கூட்டுப் பங்கு என்ற மனக்குறை ராமதாசுக்கு அதன் பிறகும் தீரவேயில்லை.

அதே 1989-ஆம் ஆண்டு ஜூலை 16-இல் பாட்டாளி மக்கள் கட்சி தொடங்கப்பட்டது. அன்றைய பா.ம.க.வை இன்றைய இளைஞர்களுக்கு விளக்குவது கடினம். நீலம், மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறக் கொடி. அம்பேத்கர், பெரியார், மார்க்ஸ் மூவரின் படங்கள் மேடையில் இருக்கும். பேராசிரியர் தீரன் தலைவர், தலித் எழில்மலை பொதுச்செயலாளர். கும்பகோணம் அருகே குடிதாங்கி என்ற ஊரில், இறந்த தலித் ஒருவரின் உடலைப் பொதுப்பாதை வழியே கொண்டுசெல்ல வன்னியர்களே மறித்தபோது, ராமதாஸ் நேரில் போய்த் தம் சாதியாரின் எதிர்ப்பை மீறி அந்த உடலைச் சுமந்து சென்றார். அதற்காகத்தான் பின்னாளில் தொல். திருமாவளவன் அவருக்குத் ‘தமிழ்க்குடிதாங்கி’ என்று பட்டம் சூட்டினார். தமிழகத்தில் பிற்படுத்தப்பட்ட சாதியொன்றின் தலைவர் தம் சொந்தச் சாதியாரை எதிர்த்து ஒரு தெருவில் இறங்கி நின்ற நிகழ்ச்சிகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவரை வெறும் சாதித் தலைவர் என்று ஒதுக்குபவர்கள் இந்தக் காட்சிக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

இனி அந்தப் பதவி மறுப்புக்கு வருகிறேன். கட்சிக்குத் தலைவர் இருந்தார், பொதுச்செயலாளர் இருந்தார், பொதுக்குழு இருந்தது. ஆனால் கூட்டணி யாரோடு, வேட்பாளர் யார், மாவட்டச் செயலாளர் யார் என்பதெல்லாம் திண்டிவனத்துக்கு அருகேயுள்ள தைலாபுரம் தோட்டத்தில்தான் முடிவாயின. ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் தலைவராக இருந்த ஜி.கே. மணி அந்த ஏற்பாட்டுக்குக் குறை சொன்னதேயில்லை. நிறுவனர் என்ற இடம் கட்சியின் எல்லாப் பதவிகளுக்கும் மேலே, எந்த விதிக்கும் எட்டாத உயரத்தில் இருந்தது. பதவியில் இருப்பவரைத் தேர்தலில் தோற்கடிக்கலாம், சட்டமன்றத்தில் கேள்வி கேட்கலாம், கட்சிக்குள் பதவிக்காலம் முடிந்தது என்று சொல்லலாம். எந்தப் பதவியும் இல்லாமல் எல்லா முடிவையும் எடுப்பவரிடம் இவற்றில் எதுவும் செல்லாது. போராட்டக் காலத்தில் இயக்கத்துக்கு வலிமை சேர்த்த இதே அமைப்பு, தேர்தல் கட்சியான பிறகு அதற்கு ஊனமாயிற்று.

சத்தியத்தின் ஒரு பாதி 2004-இல் முறிந்தது. அன்புமணி மாநிலங்களவை வழியாக நேரே மத்திய சுகாதார அமைச்சரானார். அமைச்சராக அவருடைய செயல்பாட்டைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஊரக நலவாழ்வு இயக்கமும், 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைபிடிக்க விதிக்கப்பட்ட தடையும் அவர் காலத்தவை. டெல்லி எய்ம்ஸ் இயக்குநரோடு நடந்த நெடிய மோதலும் அவர் காலத்ததுதான். ஆனால் கட்சிக்குள் இன்னாருக்குப் பின் இன்னார் என்று காத்திருந்த மூத்தவர்களுக்கு அன்றே செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

2009-இல் அ.தி.மு.க. அணிக்கு வந்து நின்ற ஏழு தொகுதிகளிலும் தோல்வி. இதைத்தான் உங்கள் நண்பர்கள் அணி மாறியதற்கான தண்டனை என்பார்கள். விஜயகாந்தின் தே.மு.தி.க. அதே வடமாவட்டங்களில் புகுந்து வாக்கைப் பிரித்ததை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. பா.ம.க.வின் கோட்டையெனக் கருதப்பட்ட விருத்தாசலத்தில் விஜயகாந்த் 2006-லேயே வென்றுவிட்டார். 2011-இல் மீண்டும் தி.மு.க. அணியில் 30 இடங்களில் நின்று மூன்றே வென்றபோது, பேரம் பேசுவதற்கான கையிருப்பே கரைந்துவிட்டது தெளிவாயிற்று.

அடுத்து ராமதாஸ் எடுத்த முடிவைத்தான் நான் மன்னிக்க இயலாததாகக் கருதுகிறேன். 2012 நவம்பர் 7-இல் தருமபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டாம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகளில் 200-க்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன. ஒரு வன்னியப் பெண்ணும் தலித் இளைஞரும் செய்துகொண்ட திருமணத்தையும், பெண்ணின் தந்தை தற்கொலை செய்துகொண்டதையும் தொடர்ந்து நடந்தது அது. கட்சி தனக்கு அதில் பங்கில்லை என்று மறுத்தது. அந்த மறுப்பை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், பின்னர் நடந்தது பொதுவெளியில் பதிவாகியிருக்கிறது. குடிதாங்கியில் பிணம் சுமந்தவர், தலித் அல்லாத சமூகங்களின் அமைப்புகளை ஊர் ஊராகக் கூட்டி, தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் கூலிங் கிளாசும் அணிந்து ‘நாடகக் காதல்’ செய்கிறார்கள் என்று பேசினார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் மாமல்லபுரம் சித்திரை முழுநிலவு விழாவுக்குப் போன கூட்டத்தை ஒட்டி மரக்காணத்தில் வன்முறை நடந்தது, அவர் கைதானார். 2014-இல் அன்புமணி தருமபுரியில் வென்றார் என்பதால் இந்த வழி பலன் தந்ததுபோலத் தோன்றியது. பலன் அந்த ஒரு தொகுதியோடு நின்றுவிட்டது. 2016-இல் தனித்து நின்று, அன்புமணியை முதல்வர் வேட்பாளராக்கி, மாற்றம், முன்னேற்றம் என்று மாநிலம் முழுக்கப் பேசியபோது கிடைத்தது 5.3 விழுக்காடு வாக்கு. ஓர் இடமும் இல்லை. பென்னாகரத்தில் அன்புமணியே தோற்றார். பிற சமூகங்களை அஞ்சவைத்த பிறகு அவர்களிடம் முதல்வர் பதவிக்கு வாக்குக் கேட்டால் வேறென்ன கிடைக்கும்?

தனிப் பங்கு கேட்ட பழைய மனக்குறைக்கும் 2021-இல் ஒரு முடிவு வந்தது. பிப்ரவரி 26 அன்று, தேர்தல் அறிவிப்புக்குச் சில மணி நேரங்களே இருந்தபோது, எடப்பாடி பழனிசாமி அரசு 20 விழுக்காட்டுக்குள் 10.5 விழுக்காட்டை வன்னியர்களுக்கு உள்ஒதுக்கீடாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. சீர்மரபினரும் வேறு 25 சாதிகளும் சேர்ந்த தொகுப்புக்கு 7, எஞ்சிய 22 சாதிகளுக்கு 2.5. நவம்பர் 1-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதைச் செல்லாதென்றது. 2022 மார்ச் 31-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. ஆனால் உச்ச நீதிமன்றத்தின் காரணத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். உள்ஒதுக்கீடு தர மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்றே அது சொன்னது. வன்னியர்களைத் தனியே பிரிப்பதற்கான அண்மைக்காலத் தரவு இல்லை, சாதியை மட்டுமே அடிப்படையாகக் கொள்ள முடியாது என்றுதான் சட்டத்தைத் தள்ளியது. ஆக, அன்று தேவைப்பட்டது பொறுமையாகத் திரட்டிய புள்ளிவிவரம். கிடைத்ததோ கூட்டணிப் பேச்சின் அவசரத்தில் வாங்கிய சட்டம். ஆண்டுதோறும் நிழல் நிதிநிலை அறிக்கையும், வேளாண்மைக்குத் தனி நிழல் அறிக்கையும் வெளியிடும் ஒரே தமிழகக் கட்சிக்கு, நெடுஞ்சாலை மதுக்கடைகளுக்கு எதிராகப் பா.ம.க. வழக்கறிஞர் கே. பாலு மூலம் உச்ச நீதிமன்றம் வரை போராடி 2016-இல் தீர்ப்புப் பெற்ற கட்சிக்கு, இது தெரியாமல் போனதுதான் வியப்பு.

தந்தையும் மகனும் மோதியதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 2022-இல் அன்புமணி தலைவரானபோது, கட்சி வரலாற்றில் முதன்முறையாகத் தலைவர் பதவியில் இருப்பவருக்கு உண்மையான செல்வாக்கும் இருந்தது. 2024 டிசம்பர் 28-இல் புதுச்சேரியை ஒட்டிய பட்டானூரில் கூடிய பொதுக்குழுவில், ராமதாஸ் தம் மகள்வழிப் பேரனை இளைஞரணித் தலைவராக அறிவிக்க, அன்புமணி அதே மேடையில் மறுத்தார். இது நான் உருவாக்கிய கட்சி, விருப்பமில்லாதவர்கள் வெளியேறலாம் என்ற பொருளில் தந்தை பேசினார்; பனையூரில் தனி அலுவலகம் திறந்திருப்பதாக மகன் அறிவித்தார். 2025 ஏப்ரலில் நிறுவனர் தம்மையே தலைவராகவும் அறிவித்துக்கொண்டார். செப்டம்பரில் மகனைக் கட்சியிலிருந்து நீக்கினார். இருவரில் யார் பக்கம் நியாயம் என்று கேட்டால் என்னிடம் விடையில்லை, ஏனெனில் நியாயம் பார்க்க அங்கே விதியே இல்லை. நிறுவனருக்கும் தலைவருக்கும் கருத்து மாறுபட்டால் யார் சொல் நிற்கும் என்பதை அந்தக் கட்சி 35 ஆண்டுகள் எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டிய தேவை வராது என்று எல்லோரும் நம்பினார்கள். அதனால்தான் கட்சியின் மாம்பழச் சின்னம் யாருக்கு என்ற கேள்வி தேர்தல் ஆணையத்தின் வாசலுக்குப் போனது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என்னால் தயக்கமின்றிப் பதில் சொல்ல முடியும். வீண் இல்லை. 10.5 போனாலும் 1989-இல் வந்த 20 விழுக்காட்டை எந்த நீதிமன்றமும் அசைக்கவில்லை. குயவர், வண்ணார், மருத்துவர், மீனவர், சீர்மரபினர் என்று, அந்த மறியலில் கலந்துகொள்ளாத எத்தனையோ சமூகத்துப் பிள்ளைகள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அதன் வழியே கல்லூரிக்கும் அரசு வேலைக்கும் போகிறார்கள். 21 பேருக்கு விழுப்புரத்தில் மணிமண்டபம் கட்டி, 2025 ஜனவரியில் திறந்துவைத்தது தி.மு.க. அரசு. அதில் வடமாவட்ட வாக்குக் கணக்கு இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. உங்கள் அப்பாவை ஒருமுறை அங்கே அழைத்துப் போய் வாருங்கள். கூடத்துப் படத்தைப் பற்றி அவர் முடிவு எதுவானாலும், அந்த 21 பேரைப் பற்றிப் பேச அவருக்கு நிறைய இருக்கும்.