இஸ்ரேலியப் படங்களில் மத நம்பிக்கை இல்லாத நண்பர் கூட்டங்கள் ஏன் இவ்வளவு கசந்துபோய், சாவையே சுற்றிச் சுற்றி வருகின்றன?

நான் பார்த்தவரையில் அந்தப் படங்களில் வருகிறவர்களுக்கு நண்பர் கூட்டம்தான் கடைசியாக மிஞ்சிய நம்பிக்கை. ஒரு சாவு வந்ததும் அதுவும் ஆட்டம் காண்கிறது. கசப்பு அங்கேதான் தொடங்குகிறது.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நாட்டைக் கட்டிய முதல் தலைமுறையில் பெரும்பகுதி கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த சோஷலிஸ்டுகள். அப்பாவும் தாத்தாவும் போன ஜெபக்கூடத்தை விட்டுவிட்டு, அந்த இடத்தில் கிபுட்ஸ் எனப்படும் கூட்டுப் பண்ணைக் குடியிருப்பு, தொழிற்சங்கம், நாடு என்று வைத்துக்கொண்டார்கள். எதற்காக வாழ்கிறோம், எதற்காகச் சாகிறோம் என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் தயாராக இருந்தது. பிள்ளைகளுக்கு வீடும் மொழியும் நாடும் கைக்குக் கிடைத்தன, ஆனால் அந்தப் பதிலின் சூடு மட்டும் வந்து சேரவில்லை.

இதை ஒரே நடிகரின் முகத்தில் பார்க்கலாம். இஸ்ரேலின் புகழ்பெற்ற ராணுவத் தளபதி மோஷே தயானின் மகன் அஸ்ஸி தயான் 1967இல் 'ஹி வாக்ட் த்ரூ தி ஃபீல்ட்ஸ்' படத்தில் கிபுட்ஸ் வீரனாக நடித்தார். அழகன், துணிச்சல்காரன், நாட்டுக்காக உயிரைக் கொடுப்பவன். அதே மனிதர் 1992இல் 'லைஃப் அக்கார்டிங் டு அக்ஃபா' என்ற படத்தை இயக்குகிறார். டெல் அவீவில் ஒரு மதுக்கடை, ஒரே இரவு, கறுப்பு வெள்ளை, அங்கே கூடுகிறவர்கள் குடிக்கிறார்கள், படுக்கையைப் பகிர்கிறார்கள், ஒருவரையொருவர் காயப்படுத்துகிறார்கள், அதன் முடிவை நான் சொல்லப் போவதில்லை, ஆனால் அதைப் பார்த்த பிறகு அன்றைக்கு வேறு எந்த வேலையும் ஓடாது. ஐந்து வருடம் கழித்து, வாழ இன்னும் 92 நிமிடங்களே இருக்கின்றன என்று தெரிந்துகொண்ட ஒருவரைப் பற்றி 'மிஸ்டர் பாம்' எடுத்து அவரே நடித்தார். முதல் படத்தில் சாவுக்கு ஒரு காரணம் இருந்தது. இந்த மூன்றாவது படத்தில் அதைக் கேட்க நேரம் ஒதுக்கும் ஆள்கூட இல்லை.

உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான படம் என்றால் ஆமோஸ் கிட்டாயின் 'தேவரிம்' (1995). யாக்கோவ் ஷப்தாயின் 1977 நாவலிலிருந்து எடுத்தது. டெல் அவீவில் கோல்ட்மன், சீசர், இஸ்ரேல் என்று மூன்று நண்பர்கள். சீசராக அஸ்ஸி தயான், கோல்ட்மனாக கிட்டாயே. நாவலின் முதல் வாக்கியத்திலேயே கோல்ட்மனின் அப்பா ஏப்ரல் 1ஆம் தேதி இறந்ததும், கோல்ட்மன் அடுத்த ஜனவரி 1ஆம் தேதி தற்கொலை செய்துகொண்டதும் சொல்லப்பட்டுவிடுகிறது. அதனால் என்ன நடக்கும் என்ற பதற்றம் நமக்கு இல்லை. இந்த ஒன்பது மாதங்களில் ஒருவரையொருவர் இவ்வளவு நெருங்கி வாழும் மூன்று பேர், ஏன் ஒருவரையொருவர் தாங்கிப் பிடிக்க முடியவில்லை என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அப்பாக்கள் கடுமையானவர்கள், சரி, ஆனால் எதையோ நம்பினார்கள். பிள்ளைகளுக்கு இருப்பது பெண்களும் வீணாகும் பகல்களும்தான். ஷப்தாய் 47 வயதில், 1981இல், மாரடைப்பில் போய்விட்டார். அந்த எழுத்தில் இருக்கும் அவசரத்தை அதற்குப் பிறகு வேறு மாதிரிதான் படிக்க முடிகிறது.

வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. அங்கே நம்பிக்கை இல்லாதவரும் சாவில் மதத்தைத் தாண்டிப் போவது கடினம். யூதர்களுக்குப் பெரும்பாலும் அடக்கம் செய்வது ஹெவ்ரா கதீஷா எனப்படும் மதச் சங்கங்கள். மதச் சடங்கில்லாத அடக்கத்துக்கு உரிமை தரும் சட்டம் 1996இல்தான் வந்தது, கிபுட்ஸ் இடுகாடுகளை விட்டால் அதற்கான இடங்களும் குறைவு. வாழ்நாள் முழுக்கக் கடவுளை மறுத்த நண்பனின் குழியருகே, தாங்கள் நம்பாத பிரார்த்தனையைக் கேட்டுக்கொண்டு நண்பர்கள் நிற்க வேண்டும். நானும் நம்பிக்கை இல்லாதவன்தான், என் அப்பாவின் காரியத்தில் எனக்குப் பொருள் இல்லாத மந்திரத்தைச் சொல்லியபடி உட்கார்ந்திருக்கிறேன். அதனால் இந்தப் படங்களின் இடுகாட்டுக் காட்சிகளில் அந்த முகங்கள் எனக்கு உடனே புரிந்துவிடுகின்றன.

இந்தக் கதையில் வேறு வழியில் போனவர் இயக்குநர் ஊரி ஸோஹர். 1972இல் அவர் எடுத்த 'பீப்பிங் டாம்ஸ்', டெல் அவீவ் கடற்கரையில் வயதாகியும் வளராத ஆண்களைப் பற்றியது. ஸோஹரும் பாடகர் அரிக் ஐன்ஸ்டைனும் நடித்தார்கள், நிஜத்திலும் உயிர் நண்பர்கள். வந்தபோது ஓடாத படம், பிறகு அந்தக் கடற்கரைக்கே படத்தின் பெயர் வந்துவிட்டது. எழுபதுகளின் கடைசியில் ஸோஹர் சினிமாவை விட்டுவிட்டு தீவிர மதப்பற்றாளராகி ரபி, அதாவது யூத மதகுரு ஆனார். ஐன்ஸ்டைன் கடைசி வரை மதம் பக்கம் போகவில்லை, ஆனால் அவருடைய இரண்டு மகள்கள் ஸோஹரின் இரண்டு மகன்களைக் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஒரு கூட்டாளி கடவுளிடம் போய்விட, மற்றவர் இந்தப் பக்கமே நின்று சம்பந்தியாகிறார் என்பதை எந்தத் திரைக்கதையாசிரியரும் எழுதத் துணிய மாட்டார்.

கசப்பு மட்டும்தானா என்றால், இல்லை. 2014இல் வந்த 'தி ஃபேர்வெல் பார்ட்டி' எனக்கு மிகப் பிடித்தது. ஜெருசலேமில் ஒரு முதியோர் இல்லம். ஒரு நண்பர் வலியில் துடிக்கிறார், மற்றவர்கள் சேர்ந்து அவர் தானே பொத்தானை அழுத்தி நிம்மதியாகப் போக ஒரு கருவி செய்கிறார்கள். தொடக்கக் காட்சியிலேயே கதாநாயகன் குரலை மாற்றி, கடவுளாகத் தோழிக்குப் போன் செய்து, மேலே இடம் காலியில்லை, சிகிச்சையை விடாதே என்கிறார். கடவுள் இல்லை என்றால் அந்த வேலையை நண்பன் செய்கிறான், அவ்வளவுதான். படத்தின் பின்னணியும் தெரிந்திருப்பது நல்லது: இஸ்ரேலின் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓடிக்கொண்டிருக்கும் வென்டிலேட்டரை நிறுத்தக் கூடாது, மத விதி அதை ஏற்காது. ஆனால் டைமர் வைத்து, அது தானாக நின்ற பிறகு மறுபடி தொடங்காமல் விடலாம் என்று வழி வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட நாட்டில்தான் இந்தக் கிழவர்கள் கருவி செய்கிறார்கள்.

முதலில் இதையே பாருங்கள். அப்புறம் 'லேட் சம்மர் ப்ளூஸ்' (1987): 1970 கோடையில் பள்ளி முடித்து ராணுவத்துக்குக் காத்திருக்கும் டெல் அவீவ் பிள்ளைகள், சூயஸ் கால்வாயில் சண்டை நடக்கிறது, முதலில் போனவனின் சாவுச் செய்தி சீக்கிரமே வந்துவிடுகிறது. அந்த ஆண்டு ஏப்ரலில் பிரதமர் கோல்டா மேயருக்கு, சமாதான வாய்ப்பைத் தவறவிட்டீர்கள் என்று பள்ளி மாணவர்கள் நிஜமாகவே கடிதம் எழுதியிருந்தார்கள். 'அக்ஃபா'வைத் தனியாகப் பார்க்க வேண்டாம், கூட யாராவது இருக்கட்டும். 'தேவரிம்' மெதுவாகப் போகும், அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் நாவலையும் ஆங்கிலத்தில் தேடிப் படியுங்கள்.