மொட்டை மாடித் தூசியில் விண்கல் கிடைக்குமா? – வாசகர் கேள்வி பதில்

விண்கல் சேகரிப்பு பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி சென்ற இதழில் வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பலருக்கும் பயன்படக்கூடிய ஐந்தைத் தேர்ந்தெடுத்துப் பதில் தந்திருக்கிறோம்.

அம்பத்தூரில் வீடு கட்டக் கடைக்கால் தோண்டியபோது கை அகலத்தில் ஒரு கறுப்புக் கல் கிடைத்தது. கனமாக இருக்கிறது, காந்தம் ஒட்டுகிறது. விண்கல்லா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?
– அம்பத்தூர் வாசகர்

காந்தம் ஒட்டுவதை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அம்பத்தூர் மண்ணில் வார்ப்பட்டறைக் கசடு ஏராளம். பள்ளம் நிரப்பக் கொட்டிய மண்ணோடு அது எங்கெங்கோ போய்ச் சேர்ந்திருக்கிறது. சென்னையில் ஆளை ஏமாற்றும் கற்கள் இன்னும் இரண்டு உண்டு. ஒன்று இரும்புத்தாது. ஒரு காலத்தில் துறைமுகம் வழியாக லாரி லாரியாகப் போன சரக்கு அது. மற்றொன்று பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துச் சார்னோக்கைட். அந்தக் கருநீலப் பாறையில் மேக்னடைட் என்ற காந்த இரும்புத்தாது கொஞ்சம் கலந்திருப்பதால், நூலில் தொங்கவிட்ட காந்தம் அதன் பக்கம் லேசாகச் சாயும்.

முதலில் பூதக்கண்ணாடியால் உடைந்த பக்கத்தைப் பாருங்கள். தேன்கூடு போலக் காற்றுக்குமிழ்த் துளைகள் தெரிந்தால் அது கசடு, அதற்கு மேல் சோதனை தேவையில்லை. துளை இல்லையென்றால் உரசிப் பாருங்கள். பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மெருகு பூசாத ஒரு வெள்ளை வளையம் இருக்கும். அதில் கல்லை அழுத்தி இழுக்க வேண்டும். செம்பழுப்புக் கோடு விழுந்தால் ஹேமடைட் என்ற இரும்புத்தாது, கரியாகக் கறுப்பு விழுந்தால் மேக்னடைட். விண்கல் பெரும்பாலும் கோடே விடாது. நெடுநாள் மண்ணில் கிடந்து துருவேறிய விண்கல் மட்டும் மங்கலான பழுப்பு விடலாம்.

அடுத்து அடர்த்தி. இதற்குச் சமையலறைத் தராசே போதும். பாத்திரத்தில் தண்ணீர் வைத்துத் தராசைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, முழுதும் மூழ்கும்படி, அடியைத் தொடாமல் இறக்குங்கள். தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கன சென்டிமீட்டர் அளவு. கல் 210 கிராம், தராசு காட்டுவது 60 என்றால் அடர்த்தி 3.5. சாதாரணக் கல்வகை விண்கற்கள் 3.3 முதல் 3.8 வரை வரும். சார்னோக்கைட் 2.7-ஐ ஒட்டி நிற்கும், மேக்னடைட் 5-ஐத் தாண்டும். இரும்பு விண்கல் 7.5-க்கு மேல். கல் அடியைத் தொட்டுவிட்டால் அதன் எடையும் சேர்ந்துகொண்டு கணக்கு தப்பும். பலர் தவறுவது இங்கேதான்.

இதுவரை தேறிவிட்டால் ஒரு மூலையில் மட்டும், நகக்கண் அளவுக்கு, 220 எண் உப்புத்தாளால் தேயுங்கள். சாம்பல் நிறத் தளத்தில் வெள்ளிப் பொட்டுகளாக உலோகம் மின்னினால் நம்பிக்கை வைக்கலாம். பூமியின் பாறைகளில் உலோக இரும்பு இப்படித் தனித்து இருப்பது மிக அரிது. அந்த நிலையில் நிக்கல் இருக்கிறதா என்று ஓர் ஆய்வகத்தில் பார்க்கச் சொல்லுங்கள். முழுக்கல்லையும் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். உண்மையான விண்கல்லாக இருந்தால் ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய அந்தக் கருகிய மேலோடுதான் அதன் முக்கியச் சாட்சி.

வெளிநாட்டிலிருந்து வாங்கிய இரும்பு விண்கல் துண்டு ஆறே மாதத்தில் துருப்பிடித்துவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவினேன், பழுப்பு நீர் கசிகிறது. காப்பாற்ற முடியுமா?
– வேளச்சேரி வாசகி

முடியும். ஆனால் பொறுமை வேண்டும், இரண்டு மாதம் பிடிக்கும்.

கசியும் பழுப்பு நீருக்குக் காரணம் குளோரைடு. கல் நூற்றாண்டுக்கணக்கில் மண்ணில் கிடந்தபோது உள்வெடிப்புகளில் ஊறிய உப்பு அது. ஈரம் கிடைத்ததும் இரும்பை அரிக்கிறது. அரித்து முடிந்ததும் அதே குளோரைடு மறுபடி விடுபட்டு அடுத்த இரும்பைப் பிடிக்கிறது. அதனால்தான் மேலே துடைத்தாலும் துரு திரும்பத் திரும்ப வருகிறது. சென்னையின் கடற்காற்று இதற்குத் தீனி. உப்பை எடுக்காமல் எண்ணெயோ வார்னிஷோ பூசினால் அடியில் துரு ஊதி, பூச்சு பக்குப் பக்காக உரியும். தேங்காய் எண்ணெய் நாளாகச் சிக்கெடுத்துக் கொழுப்பு அமிலமாக மாறும், அதுவும் இரும்புக்கு ஆகாது.

முதலில் அசிட்டோனால் எண்ணெயை முழுதும் நீக்குங்கள். பித்தளைக் கம்பி பிரஷால் துருவைத் தேய்த்தெடுங்கள். ஸ்டீல் உல் வேண்டாம். அதன் இழைகள் வெடிப்பில் மாட்டிக்கொண்டு அவையே துருப்பிடிக்கும். பிறகு ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 20 கிராம் காஸ்டிக் சோடாவைச் சிறுகச் சிறுகப் போட்டுக் கரையுங்கள். சோடாவைத்தான் நீரில் போட வேண்டும், நீரைச் சோடாவின் மேல் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கைக்கு ரப்பர் உறையும் கட்டாயம். பாத்திரம் பிளாஸ்டிக்காக இருக்கட்டும், அலுமினியத்தைக் காஸ்டிக் சோடா தின்றுவிடும். கல்லை அதில் முழுக்கி மூடி வையுங்கள். வாரம் ஒருமுறை கரைசலை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரையோ போர்த் தண்ணீரையோ தொடவே கூடாது. எடுக்க நினைக்கும் உப்பு அதிலேயே இருக்கிறது.

நான்காவது வாரத்திலிருந்து பழைய கரைசலைச் சோதியுங்கள். சிறிதளவு எடுத்து, நீர்த்த நைட்ரிக் அமிலத்தால் அமிலத்தன்மைக்குக் கொண்டுவந்து, சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விடுங்கள். பால் போல வெண்மை படர்ந்தால் குளோரைடு இன்னும் வெளியே வருகிறது. அமிலம் சேர்க்காமல் விட்டால் பழுப்பு வண்டல்தான் விழும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கரைசல் தெளிவாக நிற்கும் வரை ஊறல் தொடரட்டும்.

பின்பு காய்ச்சி வடித்த நீரில் மூன்று முறை, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் அலசல். உடனே 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் இரண்டு முழுக்கு. வெடிப்பில் நிற்கும் தண்ணீரை அது வெளியேற்றும். ஆல்கஹால் வாடை முழுதும் போகக் காற்றில் உலர்த்திய பிறகே 100 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வையுங்கள். ஆல்கஹால் ஈரத்தோடு வைத்தால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே நுண்படிக மெழுகு பூசிவிடுங்கள்.

துண்டின் முகத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் விட்மன்ஸ்டேட்டன் கோடுகள் துருவால் மங்கியிருக்கலாம். நிக்கல் குறைந்த காமசைட், நிக்கல் மிகுந்த டேனைட் என்ற இரண்டு இரும்பு-நிக்கல் கலவைகள், பத்து லட்சம் ஆண்டுக்குச் சில டிகிரி முதல் சில ஆயிரம் டிகிரி வரை என்ற கணக்கில் ஆறியபோது பிரிந்து வளர்ந்த பின்னல் அது. எந்தப் பட்டறையிலும் செய்ய முடியாதது. மீட்க 400, 600, 1000 என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி அமிலம் காட்ட வேண்டும். நைட்ரிக் அமிலத்தை ஆல்கஹாலில் கலக்கும் முறையை வீட்டில் முயல வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. விகிதம் மீறினாலோ, மூடி வைத்தாலோ வெடிக்கக்கூடியது. ரிச்சி தெருவில் சர்க்யூட் போர்டு அரிக்க விற்கும் பெர்ரிக் குளோரைடு வேலை செய்யும். ஆனால் இத்தனை நாள் விரட்டிய குளோரைடை அது மறுபடி உள்ளே விடும், அலசலை முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும். உலோகவியல் ஆய்வகம் ஒன்றில் கொடுத்துச் செய்வதே நல்லது.

வைப்பதற்கு, ரப்பர் விளிம்பு உள்ள காற்றுப்புகா டப்பா, 5 லிட்டருக்கு 200 கிராம் சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சிறு ஈரமானி. ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே நிற்க வேண்டும். செருப்புப் பெட்டியோடு வரும் பொட்டலங்கள் ஏற்கெனவே ஈரம் குடித்து முடித்தவை. ஜெல் நிறம் மாறியதும் 110 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் உலர்த்தலாம். வாணலியில் வறுத்தால் சூடு மிஞ்சி நிறம் காட்டும் தன்மை கெடும். நீல ஜெல்லில் கோபால்ட் உண்டு, சமையல் பாத்திரத்தில் போடாதீர்கள். ஜெல்லுக்குப் பதில் அரிசி போட்டால் போதாது.

இந்த ஊறல் இரும்பு வகைக்கு மட்டும். கல்வகைத் துண்டுகளைக் காஸ்டிக் சோடாவில் போடாதீர்கள்.

மொட்டை மாடித் தூசியில் நுண்விண்கற்கள் கிடைக்கும் என்கிறார்களே, சென்னையில் சாத்தியமா?
– பள்ளி மாணவர், மயிலாப்பூர்

சாத்தியம்தான். நார்வேயைச் சேர்ந்த ஜாஸ் இசைக்கலைஞர் யான் லார்சன் நகரக் கூரைகளில் தேடி எடுத்ததை வைத்து, 2017-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் மேத்யூ கென்ஜ் குழு 500 துகள்கள் விண்ணிலிருந்து வந்தவை என்று உறுதிசெய்தது. அதுவரை நகரத்தில் முடியாது என்றுதான் துறையினரே நம்பியிருந்தார்கள். பெரும்பாலும் 0.3 மில்லிமீட்டர் அளவு. ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு ஒன்று என்பது தோராயக் கணக்கு.

சென்னைக்கு ஒரு வசதி, மழைநீர் சேகரிப்பு. 2003 முதல் அது கட்டாயம் என்பதால் மாடித் தண்ணீர் முழுதும் ஒரு வடிகட்டித் தொட்டிக்கு வருகிறது. அந்தத் தொட்டி மணலின் மேலே படிந்த சேற்றை மட்டும் வழித்தெடுங்கள். அடியில் இருக்கும் ஆற்றுமணலிலேயே மேக்னடைட் துகள்கள் நிறைய. தொட்டி கிட்டாவிட்டால் செப்டம்பரில், வடகிழக்குப் பருவமழை அடித்துச் செல்லும் முன், மாடியின் தண்ணீர் இறங்கும் மூலைகளைப் பெருக்கலாம்.

அரை வாளிச் சேற்றில் சோப்புத்தூள் கலந்து கிளறி, முப்பது நொடி தெளியவிட்டு மேல்நீரை ஊற்றுங்கள். நீர் தெளிவாகும் வரை இதையே செய்யுங்கள், பத்துமுறையாவது ஆகும். காய்ந்ததும் 40 மெஷ் சல்லடையில் சலித்து, கீழே விழுந்ததை 100 மெஷ்ஷில் மறுபடி சலியுங்கள். இரண்டுக்கும் நடுவே நிற்பவை 0.15 முதல் 0.4 மில்லிமீட்டர். வடசென்னை அனல்மின் நிலையச் சாம்பலிலும், சிமென்டில் கலக்கும் சாம்பலிலும் உள்ள காந்த உருண்டைகள் பெரும்பாலும் இதைவிடச் சிறியவை, கீழே இறங்கிவிடும். நின்றதன் மேல் பிளாஸ்டிக் உறையிட்ட நியோடிமியம் காந்தத்தை நகர்த்தி, உறையை வெள்ளைத்தாள் மேல் கொண்டுபோய்க் காந்தத்தை உருவினால் துகள்கள் உதிரும். உறை இல்லாமல் எடுத்தால் காந்தத்திலிருந்து பிரிக்கவே முடியாது.

இனி 40 மடங்கு ஸ்டீரியோ நுண்ணோக்கி, நல்ல பக்கவாட்டு வெளிச்சம், ஈரமான பல்குச்சி முனை. கண்ணாடி போல மின்னும் மிகச்சரியான உருண்டைகள், வால் நீண்டவை, உள்ளே பொள்ளலானவை எல்லாம் வெல்டிங் பொறி, கிரில் பட்டறைத் தீப்பொறி, தீபாவளிப் பட்டாசு. விண்துகள் சற்றே முட்டை வடிவமாக, மங்கலாக, மேற்பரப்பில் இணைகோடுகளோ மரக்கிளை போன்ற படிக வேலைப்பாடோ கொண்டிருக்கும். சிலவற்றின் ஒரு முனையில் உலோக மணி துருத்தி நிற்கும். இதைக் கண்ணுக்குப் பழக்க ஒரு வழி உண்டு. தீபாவளிக்கு மறுநாள் தெருவில் பெருக்கிய தூசியையும், வெல்டிங் கடைத் தரைத் தூசியையும் தனித்தனியாக இதே முறையில் பிரித்து இரண்டு ஸ்லைடு செய்து வையுங்கள். மாடியில் கிடைப்பது இந்த இரண்டிலும் இல்லாத வகையாக இருந்தால் மட்டுமே தனியே எடுங்கள். ஆயிரம் உருண்டைக்கு ஒன்று தேறினாலும் நல்ல பலன். உறுதிசெய்ய மின்னணு நுண்ணோக்கியில் தனிமப் பகுப்பாய்வு வேண்டும். பெரிய பல்கலைக்கழகங்களில் கட்டணத்துக்குச் செய்துதருகிறார்கள்.

விண்கல்லில் இரிடியம் என்ற அரிய உலோகம் இருக்கிறது, கோடிக்கணக்கில் விலைபோகும் என்று ஒருவர் முன்பணம் கேட்கிறார். இடி விழுந்த கலசம், அரிசியை இழுக்கும் என்றும் ஒன்றைக் காட்டினார்.
– வில்லிவாக்கம் வாசகர்

கொடுக்காதீர்கள். விண்கல்லில் இரிடியம் இருப்பது உண்மை. ஆனால் ஒரு கிலோ சாதாரணக் கல்வகை விண்கல்லில் அது ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. கலசம் அரிசியை இழுப்பது நூல், காந்தம், இரும்புத்தூள் தடவிய அரிசி கொண்டு செய்யும் வித்தை. காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

தமிழ்நாட்டில் விண்கல் விழுந்திருக்கிறதா? என் கண்ணெதிரே விழுந்தால் எனக்குச் சொந்தமா?
– தாம்பரம் வாசகி

விழுந்திருக்கிறது. 1857 பிப்ரவரி 28-ல் மதுரைப் பக்கம் விழுந்தது பர்னல்லி என்ற பெயரில் உலகெங்கும் ஆய்வு செய்யப்படுகிறது. 1886-ல் தென்னார்க்காட்டில் நம்மியந்தல். கொடைக்கானல் பெயரில் 1898-ல் கண்டெடுத்த இரும்பு விண்கல், உள்ளே சிலிகேட் மணிகள் கொண்ட அபூர்வ வகை. 2008 செப்டம்பர் 12-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரியில் விழுந்தது மொத்தம் சுமார் 110 கிலோ. பர்னல்லி எல்எல்3 வகை, சூளகிரி எல்எல்6. எல்எல் என்பது இரும்பு குறைவு என்பதைக் குறிக்கும், எண், கல் உடைந்து வந்த தாய்க்கோளில் அது எவ்வளவு வெந்தது என்பதை. பர்னல்லித் துண்டில் காண்ட்ரூல் என்னும் உருண்டை மணிகள் கடுகு கொட்டினாற்போல் தெளிவாகத் தெரியும். சூளகிரியில் அவை வெந்து கலைந்துவிட்டன. இரண்டையும் படத்தில் அருகருகே வைத்துப் பார்த்தாலே வகைப்பாடு புரிந்துவிடும்.

இந்தியாவில் விழும் விண்கற்களுக்குப் பாதுகாவலர் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை. எனவே வீட்டு அலமாரிக்குக் கொண்டுபோக நினைக்காதீர்கள். சேகரிப்புக்கு, வெளிநாட்டில் முறையாக வகைப்படுத்தி, சர்வதேச விண்கல் பட்டியலில் பெயர் ஏறிய கல்லை ரசீதோடு வாங்குங்கள். ‘இந்தியக் கல்’ என்று விற்பவரிடம் வாங்க வேண்டாம்.

விழுந்ததைக் கண்டால் கல் இருக்கும் இடத்திலேயே, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். கைப்பேசியில் இருப்பிட எண்களைக் குறியுங்கள். வெறும் கையால் தொடாமல் சுத்தமான அலுமினியத் தாளில் எடுத்து உறையில் போடுங்கள். கழுவாதீர்கள். காந்தம் காட்டாதீர்கள், கல்லில் பதிந்திருக்கும் பழைய காந்தப் பதிவு அழிந்துபோகும். மழை வருவது போலிருந்தால் தாமதிக்கவே வேண்டாம். 2017 ஜூனில் ஜெய்ப்பூர் அருகே முகுந்தபுராவில் விழுந்தது போன்ற களிமண் தன்மையுள்ள கரிம வகை, நனைந்தால் குழைந்து கெட்டுவிடும். பிறகு தாசில்தாருக்கும் ஆய்வுத்துறைக்கும் சொல்லுங்கள்.

கல் கண்ணில் படாமல் வெளிச்சம் மட்டும் பார்த்தீர்களா? நின்ற இடம், எந்தக் கட்டடத்துக்கு மேலே தோன்றி எதற்குப் பின்னால் மறைந்தது, எத்தனை நொடி, வெளிச்சத்துக்கு எவ்வளவு நேரம் கழித்து இடி கேட்டது என்று உடனே எழுதிவையுங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய மூன்று நொடி. தொண்ணூறு நொடி கழித்துக் கேட்டால் முப்பது கிலோமீட்டர் தூரம். தாம்பரத்திலிருந்து ஒருவர், திருவள்ளூரிலிருந்து ஒருவர், செங்கல்பட்டிலிருந்து ஒருவர் இப்படி எழுதிய மூன்று குறிப்புகள் இருந்தால் கல் எந்தப் பக்கம் விழுந்திருக்கும் என்று வரைபடத்தில் கோடு போட்டுத் தேடத் தொடங்கலாம்.