கூம்பின் ஓரத்தில் வீடு இருந்தால்? ஹரிக்கேன், பனிப்புயல் கணிப்பு: கேள்வி பதில்

ஃப்ளோரிடாவிலும் அமெரிக்கக் கிழக்குக் கரையிலும் வசிக்கும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (டாம்பா): 2022ல் இயன் ஹரிக்கேன் (அட்லாண்டிக் பக்கத்துப் பெரும் புயல்) எங்கள் ஊருக்குத்தான் வரும் என்றார்கள். வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பினோம். அது தெற்கே போய்விட்டது. புயல் போகும் பாதையை வரைபடத்தில் கூம்பாகக் காட்டும் அந்தக் ‘கோன்’ படத்தை எப்படி நம்புவது சார்?

அந்தக் கூம்பு, புயலின் மையம் எந்தப் பரப்புக்குள் போகக்கூடும் என்பதை மட்டும்தான் காட்டியது. முந்தைய 5 ஆண்டுகளில் அமெரிக்க அரசின் தேசிய ஹரிக்கேன் மையத்தின் கணிப்பு எவ்வளவு தவறியது என்று பார்த்து, மூன்றில் இரண்டு முறை மையம் உள்ளே விழும்படி அதன் அகலத்தை வைத்திருந்தார்கள். மீதி ஒரு முறை வெளியே போகலாம் என்று அந்தப் படமே ஒத்துக்கொள்கிறது. காற்று, மழை, கடல்நீர் எவ்வளவு தூரம் பரவும் என்பது அதில் இல்லவே இல்லை.

இயன் தெற்கிலிருந்து, ஃப்ளோரிடாவின் மேற்குக் கரையை ஒட்டினாற்போலச் சாய்வாக ஏறி வந்தது. அப்படி வரும் புயல் கொஞ்சம் வலப்பக்கம் திரும்பினாலே, கரையைக் கடக்கும் இடம் நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும். செப்டம்பர் 28 அன்று மணிக்கு 240 கி.மீ. காற்றோடு கேயோ கோஸ்டா தீவில் கரையேறியது. ஃபோர்ட் மையர்ஸ் பீச்சில் கடல்நீர் 10 அடிக்கு மேல் ஏறியது. அந்த ஊர் இருக்கும் லீ கவுண்டியில் வெளியேறச் சொன்னது முந்தின நாள் காலையில்தான். கூம்பின் நடுக்கோடு டாம்பா பக்கம் இருந்ததால், ஓரத்தில் இருந்தவர்கள் ஆபத்து தங்களுக்கில்லை என்று நினைத்துவிட்டார்கள். எனக்கு இன்றைக்கும் வருத்தம் தருவது இதுதான். 2004 ஆகஸ்டில் சார்லி புயலும் டாம்பாவுக்கு என்று சொல்லப்பட்டு, அதே கேயோ கோஸ்டாவில்தான் கரையேறியது.

நீங்கள் கிளம்பியது சரியான முடிவு. மையம் தெற்கே போனதால் டாம்பா விரிகுடாவின் தண்ணீரைக் காற்று கடலுக்குள் தள்ளியது. வடக்கே போயிருந்தால் அதே காற்று தண்ணீரை ஊருக்குள் தள்ளியிருக்கும்.

கேள்வி (எடிசன், நியூ ஜெர்சி): ஐரோப்பிய மாடல் (ஐரோப்பிய வானிலை மையத்தின் கணினிக் கணிப்பு) சொன்னால் அப்படியே நடக்கும் என்கிறார்களே?

2012ல் சாண்டி புயல் வந்தபோது அந்தப் பெயர் வந்தது. அமெரிக்க மாடல் புயலைக் கடலுக்குள் அனுப்பிக்கொண்டிருந்தபோதே, ஒரு வாரத்துக்கு முன்பே, ஐரோப்பிய மாடல் அது இடப்பக்கம் திரும்பிக் கரைக்கு வரும் என்று காட்டியது. சொன்னபடியே நியூ ஜெர்சியில் ஏறியது.

அப்புறம் 2015 ஜனவரி வந்தது. நியூயார்க் நகரத்துக்கு 20 முதல் 30 அங்குலப் பனி என்று கணிப்பு. பனிக்காகச் சப்வேயை முழுவதும் நிறுத்தியது அதன் வரலாற்றிலேயே அதுதான் முதல் முறை. சென்ட்ரல் பார்க்கில் விழுந்தது 9.8 அங்குலம். ஐரோப்பிய மாடல் நகரத்துக்கு நிறையக் காட்டியது, அமெரிக்க மாடல் குறைவாகக் காட்டியது. இந்த முறை அமெரிக்க மாடலே நெருங்கி வந்தது. ஆனால் லாங் ஐலண்டின் ஐஸ்லிப்பிலும் பாஸ்டனிலும் இரண்டடிப் பனி கொட்டியது. புயல் வந்தது, அதன் மேற்கு ஓரம் மட்டும் கிழக்கே நகர்ந்துவிட்டது. அந்த ஓரத்தில் லட்சக்கணக்கானவர்கள் வாழும் நகரம் இருந்ததால் கணிப்பே பொய் என்று பேச்சாகிவிட்டது.

கேள்வி (பிலடெல்பியா): 8 அங்குலம் என்பார்கள், காலையில் பார்த்தால் வெறும் மழை. ஏன்?

உங்கள் ஊர் பெரும்பாலும் மழைக்கும் பனிக்கும் நடுவிலுள்ள எல்லைக் கோட்டில் மாட்டிக்கொள்கிறது. மேலே ஓரிடத்தில் காற்று உறைநிலைக்கு ஒரு டிகிரி மேலே போனாலும் பனி உருகிவிடும். ஓர் அங்குல நீர் சுமார் 10 அங்குலப் பனியாகும் என்பது பழைய கணக்கு. ஈரப் பனி என்றால் 5தான் வரும், கடுங்குளிரில் 20 கூட வரும். நீரின் அளவைச் சரியாகக் கணித்தாலும் பனியின் உயரம் தவறலாம். ஒற்றை எண்ணைப் பார்க்காதீர்கள். தேசிய வானிலைச் சேவை, குறைந்தபட்சம் இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று தனி வரைபடங்கள் தருகிறது. அவற்றைப் பாருங்கள்.

கேள்வி (ஹூஸ்டன்): பாதை சரி, வலிமையையும் முன்பே சொல்ல முடியாதா?

அதுதான் இன்னும் கடினம். 2023 அக்டோபர் 24 காலையில் ஓட்டிஸ் ஒரு சாதாரண வெப்பமண்டலப் புயல். நள்ளிரவுக்குப் பிறகு மெக்சிகோவின் அகாபுல்கோவில் 5ஆம் வகை, அதாவது மிக வலுவான வகை ஹரிக்கேனாகக் கரையேறியது. முந்தின நாள் எந்த முக்கிய மாடலும் அதைக் காட்டவில்லை. 24ஆம் தேதி பிற்பகலில் புயலுக்குள் பறந்த விமானம் அளந்த பிறகே அது எவ்வளவு வேகமாக வலுக்கிறது என்பது தெரிந்தது. மக்களுக்குக் கிடைத்தது சில மணி நேரம்தான். வெதுவெதுப்பான நீரும், புயலைக் கலைக்காத மேல்காற்றும், இறுகிய சின்ன மையமும் சேர்ந்தால் இப்படி நடக்கும். எந்த மணி நேரத்தில் என்று சொல்வதற்கு அந்த மையத்துக்குள் போதுமான அளவீடுகள் வேண்டும்.

கேள்வி (ஆர்லாண்டோ): 10 நாள் கழித்து டிஸ்னி போகிறோம். வாட்ஸ்அப்பில் ஒரு புயல் படம் வந்தது. ரத்து செய்யவா?

வேண்டாம். அது ஒரு மாடலின் ஒரே ஒரு ஓட்டமாகத்தான் இருக்கும், 6 மணி நேரத்தில் அடுத்தது வேறு மாதிரி வரும். 5 நாளுக்குள் வந்த பிறகு ஹரிக்கேன் மையத்தின் அறிக்கையைப் பாருங்கள். அதற்குள் விமான டிக்கெட்டின் ரத்து விதிகளைப் படித்து வையுங்கள்.