கென்டக்கி பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணிக்கு 2024இல் பயிற்சியாளராக வந்த மார்க் போப்பை ரசிகர்கள் முதலில் எதிர்த்தது ஏன்?

எதிர்பார்ப்பு வானளாவ இருந்ததுதான் காரணம். 2012இல் பட்டம் வென்று தந்த முந்தைய பயிற்சியாளர் ஜான் கலிபாரி, 2024 மார்ச்சில் பல்கலைக்கழக அணிகளின் தேசியப் போட்டியில் ஓக்லாந்து என்ற சிறிய பல்கலைக்கழகத்திடம் முதல் சுற்றிலேயே தோற்றார். அந்த ஆட்டத்தில் ஜாக் கோல்கி என்ற ஒரே வீரர் மூன்று புள்ளி தரும் தொலைதூர வீச்சுகளைப் பத்து முறை கூடைக்குள் போட்டார். அடுத்த மாதமே கலிபாரி ஆர்கன்சா பல்கலைக்கழக அணிக்குப் போய்விட்டார்.

அவர் இடத்துக்கு ரசிகர்கள் பெரிய பயிற்சியாளர்களின் பெயர்களையே அடுக்கினார்கள்: தொடர்ந்து இரண்டு பட்டங்களை அப்போதுதான் வென்றிருந்த டான் ஹர்லி, 2021இல் பேலர் பல்கலைக்கழக அணியைச் சாம்பியனாக்கிய ஸ்காட் டுரூ. இருவருமே இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. கடைசியில் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் போப் நியமிக்கப்பட்டார். தலைமைப் பயிற்சியாளராக அவர் தேசியப் போட்டியில் அதுவரை ஓர் ஆட்டம்கூட வென்றதில்லை. கொதிக்காமல் என்ன செய்வார்கள்?

ஆனால் அவர் 1996இல் சாம்பியனான கென்டக்கி அணியின் தலைவர். அங்கேயே விளையாடியவர். அறிமுக நாளில் சுமார் 20,000 பேர் அமரக்கூடிய, அணியின் சொந்த அரங்கமான ரப் அரங்கம் நிறைந்துவிட்டது. பழைய வீரர்களுடன் பேருந்தில் வந்து, 1996 கோப்பையோடு இறங்கினார். முந்தைய நாள்வரை திட்டியவர்களில் பலர் அங்கே கைதட்டியிருப்பார்கள் என்பது என் ஊகம்.

என்னைக் கேட்டால், ரசிகர்களின் கணக்கில் ஒரு ஓட்டை இருந்தது. வென்றுகொண்டிருக்கும் பயிற்சியாளர் இடம் மாற வேண்டிய அவசியம் என்ன என்று அவர்கள் யோசிக்கவே இல்லை. போப் முதல் பருவத்திலேயே அணியைத் தேசியப் போட்டியின் கடைசிப் பதினாறு அணிகளுக்குள் கொண்டுபோனார்.